கொசுறு மண்

நீதான் செய்தாய். கடல் செய்யவில்லை, எங்கள் பாவம் செய்யவில்லை, பங்குச்சாமியார் முதலில் சந்தேகப்பட்ட மாதிரி தவக்காலத்தில் ஆட்டுக்கறி தின்றவர்கள் செய்யவில்லை. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் வாளைக்கழிக்கு வந்து, எங்கள் சேற்றைக் கரண்டியால் அள்ளி, மூடி போட்ட குழாயில் அடைத்துக்கொண்டு போன நீ செய்தாய். உன்னால்தான் என் தங்கச்சி பிரகாசி இருபத்து மூன்று மாதமாக நிறைவயிற்றோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உள்ளே இருக்கிற பிள்ளை வளரவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, வருகிற வழி மறந்து நடுரோட்டில் நின்றுவிட்ட மாடு மாதிரி அப்படியே நிற்கிறது. உன் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. பெயர் வைக்காமல் ஒன்றை நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும் என்று நீயும் கொஞ்ச நாள் இருந்து பார்.

நான் யாரென்று உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சலேத்து, கருவாட்டு வியாபாரி. அப்பாவைக் கடலும் அம்மாவைக் காய்ச்சலும் கொண்டுபோன வருஷம் எனக்குப் பதினான்கு வயது, பிரகாசிக்கு மூன்று. அவளை இடுப்பிலும் நெத்திலிக் கூடையைத் தலையிலும் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். எடையில் என்னை ஏமாற்றியவர்கள் எத்தனை பேரோ அத்தனை வாத்தியார்கள் எனக்கு, அவர்களிடம் படித்ததைக் கொண்டு இன்றைக்கு மூன்று சந்தைகளில் நான் சொல்கிற விலைதான் விலை. கோபம் எனக்கு மூக்குக்கு மேல் இருக்கிறது என்பார்கள். இல்லை, மூக்கிலேயேதான் இருக்கிறது, கருவாட்டுக்காரிக்கு மூக்குதான் கை கால் எல்லாம்.

ஒரு மார்ச் மாதத்துக் காலையில் நீ மூன்று தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கினாய். கழிமுகத்துச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அதில் உலகத்துக்கே தெரியாத ஒன்று இருந்தாலும் இருக்கும், கொஞ்சம் மண் அள்ளிக்கொள்கிறேன் என்றாய். என் காயவைக்கிற பந்தலுக்குப் பின்னால் உள்ள கழி அது. நான் வழியில் நின்றுகொண்டேன்.

"மண்ணுக்கா அக்கா வெல?" என்று சிரித்தாய்.

"சும்மா கெடக்க மண்ணுன்னா உங்க வீட்டு வாசல்ல கெடக்குமே தம்பி. இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி எதுக்கு வந்தீய?"

"சரி, என்ன வேணும் சொல்லுங்க."

"அந்தப் பெட்டில ஒண்ணு."

பெட்டிக்குப் பதினைந்து கரண்டி மண் என்று நீ தொடங்கினாய், ஏழு என்று நான் தொடங்கினேன், வெயில் ஏறுகிற வரைக்கும் பேசிப் பதினொன்றில் முடித்தோம். நீ பதினொரு குழாயையும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இடம், நாள், நேரம் எழுதி ஒட்டினாய். அதோடு நீ போயிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில், எண்ணிக் கொடுத்து முடிந்த பிறகு மேலே ஒரு பிடி கொசுறு போடாமல் ஆளை அனுப்ப மாட்டோம், அனுப்பினால் அடுத்த பருவத்துக்கு மீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் உன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, என் காலடியில் இருந்த பள்ளத்தில் ஒரு கரண்டி அள்ளி, "இந்தா, இது கொசுறு" என்று பன்னிரண்டாவது குழாயில் போட்டேன்.

அந்தப் பள்ளம் எங்கள் ஊர் கால் கழுவுகிற பள்ளம். கரைக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. கடலிலிருந்து ஏறி வருகிறவன், உப்பளத்திலிருந்து வருகிறவள், வாழ வருகிற மருமகள், மாற்றலாகி வருகிற சாமியார், யாராக இருந்தாலும் அதில் காலை நனைக்காமல் தெருவில் கால் வைப்பதில்லை. இருநூறு வருஷத்துக் காலடி அதில் ஊறிக்கிடக்கிறது. நீ ஒருவன்தான் பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்று தாண்டிப் போனவன். நான் அன்றைக்கே இழுத்து வைத்துக் கழுவவிட்டிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்கு, ஊர் ஊதாவாகிவிட்டது.

வீடு, படகு, தென்னை எல்லாம் அதது நிறத்தில் இருந்தன, ஆட்கள்தான். கூடையைத் தூக்கிய கை ஊதா, பல் ஊதா, தொட்டிலில் கிடந்த பிள்ளையின் உள்ளங்கால் ஊதா. பக்கத்து ஊர்க்காரன் ஐஸ் இறக்க வந்தவன் வெளுப்பாகவே நிற்க, எப்போதோ ஒருநாள் பள்ளத்தில் கால் கழுவிவிட்டுத் தேர் பார்க்க வந்திருந்த பஸ் கண்டக்டர் அறுபது மைலுக்கு அப்பால் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஊதாவாகிப் பாதிவழியில் இறக்கிவிடப்பட்டான். யாரும் அலறவில்லை. மீன் இறங்குகிற நேரம், அலற யாருக்கும் கை ஓய்ந்திருக்கவில்லை. ஏலம் முடிந்த பிறகு நான்தான் நீ கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் போன் போட்டேன், ஏனென்றால் அந்த மாதத்தில் ஊரைவிட்டு வெளியே போன புதுச் சரக்கு உன் மண் ஒன்றுதான்.

"தம்பி, ஊரே ஊதாவா நிக்கி."

"எந்த ஊதா அக்கா, கத்தரிக்காயா, நாவப்பழமா?"

"நாவப்பழம்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து பத்து."

தாள் புரளுகிற சத்தம் கேட்டது. "சரியா இருக்கு. கொசுறுக் குழாயிலதான் ஒண்ணு கெடைச்சிருக்கு, இதுவரைக்கும் எந்தப் புத்தகத்திலயும் இல்லாத மாதிரி. பத்து பத்துக்கு அதுக்குச் சாயம் போட்டேன். இங்க ஒரு நிமிஷம்தான், உங்களுக்கு நேரம் கூட ஆகுது போல. அடுத்தது அயோடின், கொஞ்சம் பழுப்பா வரும். அதுக்கப்புறம் சாராயத்துல கழுவணும்."

"என்னத்துல?"

"சாராயந்தான் அக்கா. கழுவினா ஊதா போகுதா நிக்குதான்னு பாக்கணும். அத வச்சுத்தான் அது எந்தக் கூட்டத்த சேர்ந்ததுன்னு முதல் பிரிவு பிரிப்போம்."

மத்தியானம் எல்லாரும் அயோடின் பழுப்பில் சோறு சாப்பிட்டோம். மூன்று மணிக்கு வாளைக்கழி முழுவதும் போதை ஏறியது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு கைகோத்துக்கொண்டு ஆடியது, பங்குச்சாமியார் ஜெபமாலையில் ஒரே மணியை நாற்பது தடவை உருட்டினார், முப்பது வருஷத்துக்கு முன்னால் குடியை விட்ட தொம்மை, எண்பத்து நாலு வயசுக்காரர், தெருவில் உட்கார்ந்து, "நான் குடிக்கலவே, என்னைக் கழுவிட்டானுவ" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சாட்சி கேட்டார். சாயங்காலம் போதை இறங்கினபோது ஊதா போய்விட்டிருந்தது, நீ அதன்மேல் இன்னொரு சாயத்தைப் போட்டாய், மூன்று நாள் நாங்கள் றால் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தோம். அந்த மூன்று நாளில் கடலை விட்டுத் தள்ளிய ஊரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் பெண் நல்ல சிவப்பு என்று அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனது.

அப்படித்தான் பழகினோம். நீ உன் சோதனைகளின் தேதியைப் போனில் சொல்வாய், நான் எழுதிக் கோவில் பலகையில், கல்யாண அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டுவேன், ஊர் அதைப் பார்த்து வலை தைப்பதையும் வீடு வெள்ளையடிப்பதையும் தள்ளிவைக்கும். சர்க்கரைச் சோதனை நடந்த வாரம் யாரும் காப்பிக்குச் சீனி வாங்கவில்லை, நாக்கிலேயே இருந்தது. திங்கள் கரும்பு இனிப்பு, செவ்வாய் பால் இனிப்பு, புதன்கிழமை என்னவென்றே தெரியாத ஒரு வெளிநாட்டு இனிப்பு. நுரை வருகிறதா என்று ஏதோ மருந்தைச் சொட்டிய அன்று பேசுகிறவர் வாயிலெல்லாம் குமிழி பறந்தது, புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அன்றைக்குப் பார்க்க அழகாக இருந்தது. நீ அதை வளர்க்கிற தட்டில் ஊற்றுகிற கூழ் கடல்பாசியில் செய்தது என்று சொன்னபோது பாசி எடுக்கப் போகிற பெண்கள், அப்படியானால் பிள்ளை நம் சோற்றைத்தான் தின்கிறது என்று நிம்மதியானார்கள். யாரும் அதைக் கிருமி என்று சொல்வதில்லை. நம்மாளு என்பார்கள். நம்மாளுக்கு நீச்சல் தெரியுமாம், ஒற்றை வால் இருக்கிறதாம், றால் நிறத்தில் பொட்டுப் பொட்டாக வளர்கிறதாம் என்று டீக்கடையில் பேச்சு.

பிரகாசி உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம், இரண்டு கலைந்த பிறகு தங்கிய பிள்ளை. அதனால் சூட்டுச் சோதனைக்கு நீ நாள் குறித்தபோது நான் கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்து உன்னோடு பேரம் பேசினேன்.

"நாலு டிகிரியில தொடங்கி நாப்பத்தஞ்சு வரைக்கும் போவணும் அக்கா."

"நாப்பத்தஞ்சா? ஊர்ல வயித்துப்பிள்ளைக்காரி இருக்கா. முப்பதோட நிறுத்து."

"முப்பதோட நிறுத்தினா கட்டுரைய யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"முப்பத்தி ரெண்டு."

"நாப்பத்தி ரெண்டு, அரை மணி நேரம், நெழல்ல உக்காருங்க."

"நாப்பது. கால் மணி நேரம். அதுக்கு மேல ஒரு டிகிரி ஏறிச்சு, வந்து உன் தட்டையெல்லாம் சந்தையில கவுத்திருவேன்."

நாற்பதில் நிறுத்தினாய், "நாற்பதுக்கு மேல் வளராது" என்று எழுதிக்கொண்டாய். உப்புக்கும் அப்படித்தான். உப்பே இல்லாமல் வைத்த அன்று எங்கள் வேர்வையில் உப்பில்லை, கண்ணீரில் உப்பில்லை, உடம்பெல்லாம் ஊறின கடலை மாதிரி உப்பிக்கொண்டு வந்தது, பிரகாசியின் மோதிரத்தை நூல் சுற்றிக் கழற்றினோம். நான் போனில் கத்தினேன், நீ உடனே உப்பைப் போட்டாய். நூற்றுக்கு மூன்று பங்கு உப்பும் இருபத்தெட்டு டிகிரியும்தான் அதற்கு இதமானது என்று நீ எழுதினாயே, அது உன் கண்டுபிடிப்பு இல்லை, பங்குச்சாமியார் பூசை முடிந்து எந்த நாள் இதமாக இருந்தது என்று கைதூக்கச் சொல்லி எண்ணினது.

ஆவணியில் நீ போன் செய்து, அதன் மரபணு எழுத்தை முழுக்கப் படித்துவிட்டோம், உலகத்தில் பதிவான எதனோடும் சேரவில்லை, புது இனம்தான் என்றாய். இருப்பதிலேயே நெருங்கிய உறவு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்குதான் ஒத்துப்போகிறது, அதுவும் வடக்கே பனிக்கடல் ஓரத்து ஏதோ நாட்டுச் சேற்றில் இருக்கிறது என்றாய். ஊர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் உறவென்று சொல்லிக்கொள்ள மேலத்தெரு கீழத்தெருவைத் தவிர ஆள் இல்லாதவர்கள் நாங்கள். கூடிப் பேசி, நல்ல சீலாக் கருவாடு ஐந்து கிலோவை மூன்று உறை போட்டுக் கட்டி, "சொந்தக்காரர்களுக்கு, வாளைக்கழியிலிருந்து" என்று எழுதி அந்த நாட்டுக்கு அனுப்பினோம். நாற்றம் தாங்கவில்லை என்று திரும்பி வந்தது. நாலு பங்கு வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இனி பெயர்தான் பாக்கி என்றாய். பெயர் வைத்து, கட்டுரை எழுதி, இரண்டு வேறுவேறு நாட்டுக் காப்பகத்தில் அதை உயிரோடு ஒப்படைத்தால்தான் அப்படி ஒன்று இருப்பதாகவே உலகம் ஒத்துக்கொள்ளுமாம். கண்ணெதிரே இருக்கிறதை இருக்கிறது என்று சொல்ல இரண்டு நாடு வேண்டுமா என்று கேட்டேன், நீ சிரித்தாய். முதல் பெயர் அதன் பேரினத்துக்கு உள்ளது, அது நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டாவது பெயரை நீங்கள் சொல்லுங்கள், இடத்தின் பெயரோ ஆளின் பெயரோ, கடைசியில் லத்தீன் வால் ஒட்டிக்கொடுக்கிறேன் என்றாய். பெரிய மனசுக்காரன் மாதிரி சொன்னாய். அந்த இடத்தில்தான் எங்களைக் கெடுத்தாய்.

பாதி ஊர் பாதுகாவலர் புனிதரின் பெயர் என்றது. புனிதரின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத சேற்றுப் பூச்சிக்கு வைப்பதா என்று சாமியாரே ஒத்துக்கொள்ளவில்லை. படகுக்காரர்கள் ஊரின் பெயர் என்றார்கள். நான் என் பெயர் என்றேன். ஏன் சொல்லக் கூடாது? கொசுறு போட்டது நான், பேரம் பேசி ஊரைப் பொசுங்காமல் காப்பாற்றியது நான், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைத் தவிர என் பெயரை எவனும் எதிலும் எழுதியதில்லை. கருவாட்டுப் பெண்கள் அத்தனை பேரும் என் பக்கம். இரண்டு தடவை ஓட்டுப் போட்டோம், இரண்டு தடவையும் ஊருக்கு நூற்று எழுபது, சலேத்துக்கு நூற்று எழுபது. "அக்கா, விட்டுக் குடுத்துத் தொலையேன்" என்றாள் பிரகாசி, அப்போது அவளுக்கு எட்டு முடிந்துவிட்டது. நான் விடவில்லை. முப்பது வருஷச் சந்தையில் நான் கற்ற பெரிய வித்தை ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது, எதிராளி தானாக இறங்குவான். நான் காத்திருந்தேன். படகுக்காரர்களும் என்னிடமே அதைக் கற்றவர்கள், அவர்களும் காத்திருந்தார்கள்.

டிசம்பர் முதல் வாரம் நீ கேட்டாய்: "முடிவாச்சா அக்கா?"

"ஆவும். நீ பொறு."

"பரவாயில்ல, நிதானமா பேசுங்க. அதுவரைக்கும் கெட்டுப்போகாம உள்ள வச்சிருக்கேன்."

உள்ளே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி.

குளிரவில்லை. அதையும் சொல்ல வேண்டும், நடுங்குகிற குளிராக இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்போம். மறுநாள் தோசை மாவு பொங்கவில்லை, அவ்வளவுதான். பால் தயிராகவில்லை. நாலு நாள் கழித்து, மேசையில் மறந்து வைத்த சாளை மீன் அப்போது பிடித்த மாதிரி கண் விழித்துக்கொண்டு கிடந்தது. எங்கள் கை பட்டது எதுவும் கெடவில்லை, எங்களில் எதுவும் வளரவும் இல்லை. தாடி வளராததால் ஊர் நாவிதர் தன் சாமான்களோடு டவுனுக்குப் போய்விட்டார். மூன்றாம் வகுப்பில் போன வருஷம் எடுத்த உயரமே இந்த வருஷமும், பல் விழுந்த பிள்ளைகள் பொக்கை வாயோடே அலைகின்றன. என் பந்தலில் விரித்த மீன் பதினான்கு மாதமாகக் காயாமல் ஈரமாகவே கிடக்கிறது. அதற்கும் ஊர் பழகிவிட்டது. தயிரையும் மாவையும் பக்கத்து ஊரிலிருந்து வாங்குகிறார்கள், பிள்ளைகளுக்கு ஒரே சட்டையை இரண்டு கிறிஸ்துமஸுக்குப் போடுகிறார்கள், வயசானவர்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்.

பிரகாசி மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்தேழு வாரம். நர்சம்மா தில்லைநாயகி வாராவாரம் வந்து டேப்பால் வயிற்றை அளந்து அதே எண்ணை எழுதிவிட்டுப் போகிறாள், அவளுடைய பேனா மட்டும் தீர்கிறது. டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, நாள் இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வா என்றார்கள், இரண்டு வாரம் கழித்து இரண்டு வாரம் கழித்து வா என்றார்கள். இன்னொரு ஆஸ்பத்திரியில் அறுத்தே எடுத்துவிடலாம் என்று மேசையில் படுக்கப்போட்டு மயக்க ஊசி குத்தினார்கள், மருந்து உடம்பில் ஓடாமல் குத்தின இடத்திலேயே கடலைப் பருப்பு மாதிரி நின்றுவிட்டது, டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, "எங்ககிட்ட இதுக்கு வழி இல்ல" என்றாள்.

"பிள்ள ஒதைக்குதாட்டி?" என்று தினமும் கேட்பேன்.

"ஒதைக்கி. ஆனா அதே ஒதைதான் அக்கா. காலைல ஏழேகாலுக்கு எடது பக்கம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. நேத்து ஒதைச்சதையே இன்னைக்கும் ஒதைக்கி."

இப்படிச் சொன்ன அன்றைக்கே படகுச் சங்கத்துக்குப் போய், ஊர் பேரையே வையுங்கள், நான் இறங்கிவிட்டேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். என் வாழ்க்கையில் எதிராளிக்கு முன்னால் நானாக இறங்கிய முதல் பேரம் அது. உனக்குப் போன் போட்டேன். நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போட்டுக் கேட்டால், உன் உதவித்தொகைக் காலம் முடிந்து, குழாயை உறைபெட்டியில் வைத்துவிட்டு, கடல் தாண்டி வேறு வேலைக்குப் போய்விட்டாயாம்.

அதற்கப்புறம்தான் ஊர் இரண்டானது. குழாயை வெளியே எடுக்கக் கூடாது என்று தொம்மை ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். உறைவதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் அவரிடம் நெஞ்சுப் படத்தைக் காட்டி, அதிகம் போனால் இரண்டு மாதம் என்றிருந்தார். பதினான்கு மாதமாக அவருக்கு இருமல்கூட இல்லை.

"ஒரு பிள்ள வரணும்னு ஏழு கெழவன அனுப்பணுமா சலேத்து?" என்று என் வாசலில் வந்து கேட்டார். "நானும் கணக்குப் பண்ணிப் பாத்தேன். என்னைய மாதிரி டாக்டரு நாள் குறிச்சவன் ஏழு பேரு."

கதவைச் சாத்தினேன், சாத்தின பிறகு கதவைப் பார்த்துத் திட்டினேன்.

போன வாரம் நானே கிளம்பி உன் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இரண்டு பஸ், ஒரு ரயில். கொடுத்த தெர்மாகோல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன், பேரத்தைக் கலைக்கிறேன், பெட்டியை எடுத்துக்கொள், மண்ணைக் கொடு என்று சொல்ல. அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் என்னை ஆள் உயர பீரோ ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அது தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் பாடிக்கொண்டிருந்தது.

"மூணாவது தட்டுல இருக்கும்மா. ஆனா அவர் பேர்ல உள்ள பெட்டி. அவர் கையெழுத்து இல்லாம நாங்க தொட முடியாது."

"எங்க ஊரு அதுக்குள்ள இருக்கு, தாயி."

"தெரியும்மா. குறிப்புல எழுதியிருக்காரு. சுத்தி ஒரு ஊர் இணைஞ்சிருக்கு, கவனம்னு."

எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். கவனம் என்று. அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் திரும்பின நேரம் பார்த்துக் கைப்பிடியை இழுத்தேன், கதவு திறந்து புகை மாதிரி குளிர் விழுந்தது, மூன்றாவது தட்டில் உன் எழுத்தில் கொசுறு என்று ஒட்டியிருந்த குழாயை எடுத்து உள்ளங்கையில் பொத்தினேன். தோல் ஒட்டிக்கொண்டு எரிந்தது. விடவில்லை. இரண்டு பேர் வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து அதைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்கள். சுவரில் மணி பதினொன்று. என் கைக்குள் அது அரை நிமிஷம் இருந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பினால் தெருவெல்லாம் வாசலில் நின்றது. அன்று காலை பதினொரு மணிக்கு வாளைக்கழியில் ஒவ்வொரு வீட்டு மாவும் ஒரு விரல் உயரம் பொங்கியதாம். பந்தலில் கிடந்த மீனில் மேல் தோல் காய்ந்து உப்புப் பூத்ததாம். கரையில் நின்றவர்களுக்கெல்லாம் யாரோ முதுகில் வெதுவெதுப்பான கையை வைத்து எடுத்த மாதிரி இருந்ததாம். பிரகாசி என்னைக் கண்டதும் கம்பியை விட்டுவிட்டு நடந்து வந்தாள்.

"அக்கா. புது ஒதை. வலது பக்கம்."

தொம்மை எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு அவருக்கு ஒரு இருமல் வந்திருக்கிறது, கைத்துண்டில் ஒரு பொட்டு இரத்தம், றால் நிறத்தில். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கையில என்ன புண்ணு?"

"குழாயப் பிடிச்சேன்."

"கொஞ்ச நேரம் சேத்துப் பிடிச்சிருக்கலாம்ல."

"பிடுங்கிட்டானுவ."

அவர் துண்டை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தார். "பதினாலு மாசமா ஒரே நாளையே திருப்பித் திருப்பித் தின்னுட்டு இருந்திருக்கேன், இருமினப்பதான் தெரிஞ்சுது. அந்தப் பயலுக்கு எழுதிப் போடு சலேத்து. மத்த ஆறு பேருகிட்டயும் நான் பேசிக்கிடுதேன். பிள்ள வரட்டும், நான் இருமிக்கிடுதேன்."

எழுதிவிட்டேன். இனி நீ கேள்.

விற்ற பதினொரு கரண்டியை நான் திருப்பிக் கேட்கவில்லை. அது பேசி முடித்த பேரம், பெட்டி என்னிடம் இருக்கிறது, உன் மண் உன்னிடம் இருக்கட்டும். பன்னிரண்டாவது விற்றதில்லை. அதற்கு நீ ஒன்றும் தரவில்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை, அது கொசுறு. கொசுறு வாங்கினவன் அதைக் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லை போட்டவள் கையில் திருப்பித் தர வேண்டும், எங்கள் சந்தையில் இதற்கு மூன்றாவது வழி கிடையாது. நீ பூட்டிவைத்திருக்கிறாய்.

பெயர்தான் தடை என்றால் அந்தத் தடையும் இல்லை. ஊரின் பெயரை வை. பிடிக்கவில்லையா, உன் பெயரை வை, உன் பெண்டாட்டி பெயரை வை, கருவாட்டைத் திருப்பி அனுப்பினார்களே அந்தப் பனிக்கடல்காரர்கள், அவர்கள் பெயரை வை. நான் முழுசாக இறங்கிவிட்டேன், இதற்குக் கீழே எனக்குப் படி இல்லை. கையெழுத்தை அனுப்பாதே, நீயே வா. இந்தத் தடவை பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கிக் காலைக் கழுவு, கழுவிவிட்டுப் போய் அந்தப் பீரோவைத் திற, மூன்றாவது தட்டு, கொசுறு என்று உன் எழுத்திலேயே இருக்கிறது. எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொள். எரியும். பொத்திக்கொண்டே இரு, இங்கே மாவு பாத்திரத்தை விட்டு வழிகிற வரைக்கும், தொம்மை இருமத் தொடங்குகிற வரைக்கும், பிரகாசி கம்பியை விட்டுவிட்டு என்னை அக்கா என்று கத்திக் கூப்பிடுகிற வரைக்கும் கையைத் திறக்காதே.